ஆப்ஜெக்டின் பிறப்பும் அழிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம் கற்பவர்களிடமிருந்தும், பல ஆண்டுகள் நிரல் எழுதியவர்களிடமிருந்தும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மொழிக்கு மொழி விடை மாறும் இடங்களில் சி++, ஜாவா, பைத்தான், சி ஷார்ப் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் எண் கொடுத்திருக்கிறேன்.

1. கிளாஸ் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகும் ஆப்ஜெக்ட் என்று தனியாக ஏன் உருவாக்க வேண்டும்?

கிளாஸ் ஒரு விவரிப்பு மட்டுமே. 'கணக்கு' என்ற கிளாஸில் எண், பெயர், இருப்பு ஆகிய மூன்று புலங்களும் இருக்கும் என்று நீங்கள் எழுதினால், ஒவ்வொரு கணக்கும் எப்படிப்பட்டது, அதன் மீது எந்த மெத்தட்கள் (கிளாஸுக்குள் எழுதப்படும் ஃபங்ஷன்கள்) செயல்படலாம் என்பது கம்பைலருக்குத் தெரிந்துவிடும். ஆனால் குறிப்பிட்ட ஒரு கணக்கின் இருப்பை எழுதிவைக்க நினைவகத்தில் இன்னும் இடம் இல்லை. ஆப்ஜெக்டை உருவாக்கும்போதுதான் அந்த இடம் கிடைக்கிறது. நூறு கணக்குகள் என்றால் நூறு தனி இடங்கள். மெத்தட்களின் கட்டளைகள் மட்டும் ஒரே ஒரு முறை இருந்து எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொதுவாகப் பயன்படுகின்றன.

2. 'நியூ' என்று எழுதியதும் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் ஆப்ஜெக்டுக்குப் போதுமான நினைவகம் ஒதுக்கப்படுகிறது. பிறகு அந்த வெற்றிடத்தின் மீது கன்ஸ்ட்ரக்டர் ஓடி, அதை ஒழுங்கான ஆப்ஜெக்டாக ஆக்குகிறது. பலர் நினைப்பதுபோல் கன்ஸ்ட்ரக்டர் இடத்தை ஒதுக்குவதில்லை. அது ஓடத் தொடங்கும்போது இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பைத்தானில் இந்தப் பிரிவை நேரடியாகவே பார்க்கலாம்: முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடிட்ட 'நியூ' மெத்தட் ஆப்ஜெக்டை உண்டாக்கித் தருகிறது, அதேபோல் அடிக்கோடிட்ட 'இனிட்' அதற்கு மதிப்புகளை நிரப்புகிறது.

அழிக்கும்போது இதே இரண்டு வேலைகள் தலைகீழாக நடக்கின்றன. முதலில் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும் முன் சுத்தம் செய்யும் மெத்தட்) ஓடுகிறது, பிறகு நினைவகம் திரும்பிப் போகிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

3. நான் கன்ஸ்ட்ரக்டரே எழுதவில்லை. ஆனாலும் ஓடுகிறதே?

நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலர் தானே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அது என்ன செய்யும் என்பது மொழியைப் பொறுத்தது. ஜாவாவில் எண் புலங்கள் பூஜ்யமாகவும் பிற ஆப்ஜெக்ட்களைச் சுட்டும் ரெஃபரன்ஸ்கள் 'நல்' (எதையும் சுட்டாத நிலை) ஆகவும் தொடங்கும். சி++ இல் உள்ளூர் மாறியாக ஓர் ஆப்ஜெக்டை அறிவித்தால், அதன் முழு எண் புலத்தில் அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ ஒரு மதிப்பு அப்படியே இருக்கலாம். சோதனையில் அது பூஜ்யமாகத் தெரிந்து, வேறொரு கணினியில் வேறு எண்ணாக மாறும். ஆகவே சி++ புலங்களுக்கு அறிவிக்கும் இடத்திலேயே தொடக்க மதிப்பு கொடுத்துவிடுங்கள்.

அளவுருக்கள் உள்ள கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை நீங்கள் எழுதிய உடனே, கம்பைலர் தந்துகொண்டிருந்த வெறும் கன்ஸ்ட்ரக்டர் மறைந்துவிடும். 'நேற்றுவரை கம்பைல் ஆனது, இன்று ஆகவில்லை' என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். சி++ இல் இன்னொரு பொறியும் உண்டு. மாறியின் பெயருக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டால், கம்பைலர் அதை ஒரு ஃபங்ஷனின் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும், ஆப்ஜெக்ட் உருவாகாது. நெளிவு அடைப்புக்குறி போடுங்கள், அல்லது எதுவுமே போடாமல் விடுங்கள்.

4. கன்ஸ்ட்ரக்டருக்குள் எவ்வளவு வேலை வைக்கலாம்?

கன்ஸ்ட்ரக்டர் முடிந்தபின் ஆப்ஜெக்ட் உடனே பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். அதற்கு எது தேவையோ அது உள்ளே இருக்கட்டும், மீதி வெளியே போகட்டும். 'உருவாக்கிய பிறகு மறக்காமல் தொடங்கு என்ற மெத்தடை அழையுங்கள்' என்று குறிப்பு எழுத வேண்டிய நிலை வந்தால் அந்தக் கிளாஸின் வடிவமைப்பே தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்றாவது ஒருவர் மறப்பார்.

நெட்வொர்க் இணைப்பு, பெரிய கோப்பை வாசித்தல் போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளை ஒரு தனி ஃபங்ஷனில் முடித்து, கிடைத்த விளைவைக் கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுப்பது சோதனை எழுதுபவருக்குப் பெரிய உதவி.

5. பெற்றோர் கிளாஸ், பிள்ளை கிளாஸ், உள்ளே இருக்கும் புலங்கள்: எது முதலில் உருவாகும்?

சி++ இல் முதலில் பெற்றோர் பகுதி, அடுத்து பிள்ளை கிளாஸின் புலங்கள், கடைசியாகப் பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டர் உடல். அழிவு இதற்கு நேர் எதிர் வரிசையில் நடக்கும். கட்டடம் எழும்பும்போது அஸ்திவாரத்திலிருந்தும், இடிக்கப்படும்போது கூரையிலிருந்தும் தொடங்குவதைப் போன்றது இது. மேலே இருப்பது கீழே இருப்பதை நம்பி நிற்கிறது என்பதே காரணம்.

சி++ எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. புலங்கள் உருவாகும் வரிசையைத் தீர்மானிப்பது கிளாஸில் அவை அறிவிக்கப்பட்ட வரிசைதான். கன்ஸ்ட்ரக்டரின் தொடக்கப் பட்டியலில் நீங்கள் எழுதும் வரிசைக்கு மதிப்பில்லை. ஒரு கிளாஸில் முதலில் 'பரப்பு', அடுத்து 'நீளம்' என்று அறிவித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பட்டியலில் நீளத்துக்கு 5 கொடுத்துவிட்டு, அடுத்து பரப்புக்கு 'நீளம் பெருக்கல் நீளம்' என்று எழுதுகிறீர்கள். படிப்பவர் 25 என்று எதிர்பார்ப்பார். ஆனால் பரப்புதான் முதலில் கணக்கிடப்படும், அந்த நொடியில் நீளத்தில் இருப்பது குப்பை மதிப்பு. கம்பைலரின் எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் இதைச் சுட்டிக்காட்டும். அதை அணைத்து வைக்காதீர்கள்.

6. பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு மெத்தடை அழைத்தேன். பிள்ளை கிளாஸ் அதை மாற்றி எழுதியிருந்தும் சரியாக வேலை செய்யவில்லை, ஏன்?

5ஆம் விடையின் நேரடி விளைவு இது. பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது பிள்ளையின் பகுதி இன்னும் முழுமை பெறவில்லை. இந்த நிலையை மொழிகள் வெவ்வேறு விதமாகச் சமாளிக்கின்றன. சி++ இல் அந்தத் தருணத்தில் ஆப்ஜெக்ட் வெறும் பெற்றோர் வகையாகவே நடத்தப்படுகிறது. ஆகவே பெற்றோரின் மெத்தடே ஓடும். ஜாவாவில் பிள்ளையின் மெத்தட் ஓடிவிடும், ஆனால் பிள்ளையின் புலங்கள் இன்னும் நல் அல்லது பூஜ்யமாக இருக்கும். நீங்கள் 'பெயர்கள்' என்ற பட்டியலுக்கு அறிவிப்பிலேயே தொடக்க மதிப்பு கொடுத்திருந்தாலும், அந்த மதிப்பு பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே போய்ச் சேரும். அதனால்தான் அந்தப் புரியாத நல் பிழை. சி ஷார்ப்பிலும் பிள்ளையின் மெத்தடே ஓடும். அறிவிப்பில் கொடுத்த தொடக்க மதிப்புகள் அங்கே முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும், கன்ஸ்ட்ரக்டரின் உடல் மட்டும் இன்னும் ஓடியிருக்காது.

மூன்றையும் மனப்பாடம் செய்வதைவிட, மாற்றி எழுதப்படக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்காமல் இருப்பதே நல்லது.

7. ஸ்டாக்கில் உருவாக்குவதா, ஹீப்பில் உருவாக்குவதா?

சி++ இல் இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. ஸ்டாக் என்பது ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் அதற்குக் கிடைக்கும் நினைவகப் பகுதி, ஹீப் என்பது கேட்டு வாங்கும் பொது நினைவகப் பகுதி. ஸ்டாக்கில் உருவாக்கிய ஆப்ஜெக்ட், அது பிறந்த நெளிவு அடைப்புக்குறி மூடப்படும் இடத்தில் தானாக அழியும். ஹீப்பில் நியூ போட்டு உருவாக்கியது, யாராவது டிலீட் செய்யும்வரை இருக்கும். முடிந்தவரை ஸ்டாக்கைப் பயன்படுத்துங்கள். ஆப்ஜெக்ட் அதை உருவாக்கிய ஃபங்ஷனைத் தாண்டி வாழ வேண்டும் என்றாலோ, மிகப் பெரியதாக இருந்தாலோ மட்டும் ஹீப்புக்குப் போங்கள். ஜாவாவிலும் பைத்தானிலும் இந்தக் கேள்வி உங்களிடம் வருவதில்லை.

8. டிலீட் செய்த பிறகும் பழைய மதிப்பு அப்படியே தெரிகிறது. அழியவில்லையா?

அழிந்துவிட்டது. டிலீட் நினைவகத்தைத் துடைப்பதில்லை. 'இந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கலாம்' என்று குறித்துக்கொள்வதோடு பெரும்பாலும் அதன் வேலை முடிகிறது. பாயின்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியில்) பழைய முகவரி மாறாமல் இருக்கிறது, அந்த முகவரியில் பழைய எண்களும் கொஞ்ச நேரம் கிடக்கலாம். அடுத்த நியூ அதே இடத்தைப் பெற்றுக்கொண்டால், உங்கள் பழைய பாயின்டர் வழியாக எழுதுவது சம்பந்தமே இல்லாத இன்னோர் ஆப்ஜெக்டைக் கெடுக்கும். பிழை ஓரிடத்தில் இருக்க, நிரல் வேறோர் இடத்தில் விழும். பாதுகாப்பு ஓட்டைகளில் மிக ஆபத்தான ஒரு வகை இதிலிருந்தே பிறக்கிறது.

கண்ணால் தேடி இதைப் பிடிப்பது கடினம். அட்ரஸ் சானிடைசர் அல்லது வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை கண்டறியும் கருவிகளின் துணையோடு சோதனைகளை ஓட்டுங்கள். எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, எந்த வரியில் மீண்டும் தொடப்பட்டது என்று இரண்டையும் காட்டிவிடும்.

9. ஜாவாவில் டிஸ்ட்ரக்டர் ஏன் இல்லை?

ஆப்ஜெக்ட் எப்போது அழியும் என்று நிரலில் சொல்ல முடியாது என்பதால். ஜாவாவில் அந்த முடிவை எடுப்பது கார்பேஜ் கலெக்டர். நிரலின் எந்த மூலையிலிருந்தும் எட்ட முடியாத ஆப்ஜெக்ட்களைக் கண்டுபிடித்து இடத்தை மீட்கும் இந்த முறையை 1960இல் லிஸ்ப் மொழி குறித்த தம் கட்டுரையில் ஜான் மெக்கார்த்தி விவரித்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் ரெஃபரன்ஸ்களை எண்ணும் முறையை முன்வைத்தார். பைத்தானின் முதன்மை வடிவமான சிபைத்தான் இன்றும் பெரும்பாலும் இந்த எண்ணும் முறையையே நம்பியிருக்கிறது.

கலெக்டர் நினைவகம் தேவைப்படும்போது ஓடும், தேவைப்படாவிட்டால் ஓடாமலே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றிடம் 'கோப்பை இப்போதே மூடு' என்ற வேலையை ஒப்படைக்க முடியாது. நினைவகம் தாராளமாக இருக்கும்போது கலெக்டருக்கு அவசரமே இல்லை. ஆனால் லினக்ஸில் ஒரு புரோசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024தான். அது எப்போதோ தீர்ந்திருக்கும். நினைவகத்தை மொழி பார்த்துக்கொள்ளும். கோப்பு, டேட்டாபேஸ் இணைப்பு, பூட்டு ஆகியவற்றுக்கு நீங்களே பொறுப்பு.

10. அப்படியானால் ஜாவாவில் கோப்பை எப்படி மூடுவது? ஃபைனலைஸ் எழுதினேன், அது ஓடவே இல்லை.

ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபைனலைஸ் என்பது கலெக்டர் ஆப்ஜெக்டை மீட்கும் முன் அழைக்கும் மெத்தட். அது எப்போது ஓடும், ஓடுமா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. 2017இல் வந்த ஜாவா 9 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2022இல் வந்த ஜாவா 18 அதை நீக்கப்போவதாகவே குறித்துவிட்டது.

சரியான வழி, 2011இல் ஜாவா 7 உடன் வந்த டிரை-வித்-ரிசோர்சஸ். டிரையின் அடைப்புக்குறிக்குள் கோப்பைத் திறந்தால், அந்தப் பகுதியை விட்டு எப்படி வெளியேறினாலும், எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை அறிவிப்பு) வந்தாலும்கூட, அது மூடப்படும். பலவற்றைத் திறந்திருந்தால் கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்படும். 5ஆம் விடையில் பார்த்த அதே தலைகீழ் வரிசைதான். பைத்தானில் 'வித்', சி ஷார்ப்பில் 'யூசிங்' இதே வேலையைச் செய்கின்றன. சி++ இல் தனியாக எதுவும் தேவையில்லை, டிஸ்ட்ரக்டரே மூடிவிடும். ஒரு வளத்தை ஓர் ஆப்ஜெக்டின் ஆயுளோடு கட்டிவைக்கும் இந்த வழக்கத்தை சி++ ஐ உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் முன்வைத்தார். அந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து இதுதான்.

11. மாறியில் நல் வைத்தால், அல்லது பைத்தானில் 'டெல்' போட்டால் ஆப்ஜெக்ட் அழிந்துவிடுமா?

நீங்கள் அறுப்பது ஒரு ரெஃபரன்ஸை மட்டுமே. அதே ஆப்ஜெக்டை ஒரு பட்டியலோ வேறு மாறியோ பிடித்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கும். சிபைத்தானில் கடைசி ரெஃபரன்ஸ் போனவுடன் ஆப்ஜெக்டும் போய்விடும் என்பதால் டெல் அழித்ததுபோன்ற தோற்றம் கிடைக்கிறது. ஜாவாவில் கார்பேஜ் கலெக்டரை ஓடச் சொல்லும் கட்டளையும் ஒரு வேண்டுகோள் மட்டுமே.

12. கார்பேஜ் கலெக்டர் இருந்தும் என் ஜாவா நிரலின் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. எப்படி?

கலெக்டர் பார்ப்பது 'எட்ட முடியுமா' என்பதை. 'தேவையா' என்பது அதற்குத் தெரியாது. ஸ்டாட்டிக் புலத்தில் ஒரு மேப் வைத்து, வேகத்துக்காக விடைகளை அதில் சேமித்துக்கொண்டே போய், எதையும் நீக்காமல் விட்டால், அவை அனைத்தும் நிரல் முடியும்வரை எட்டக்கூடியவையே. இன்னொரு வழக்கமான குற்றவாளி, நிகழ்வுகளுக்குப் பதிவுசெய்த லிசனர் (நிகழ்வு நடக்கும்போது அழைக்கப்படும் ஆப்ஜெக்ட்). ஒரு திரையை மூடிவிடுகிறீர்கள். ஆனால் அந்தத் திரை தன்னை நீண்ட நாள் வாழும் ஒரு சேவையிடம் பதிவுசெய்திருக்கிறது. சேவை திரையைப் பிடித்திருக்கிறது, திரை தனக்குள் உள்ள படங்களையும் பட்டியல்களையும் பிடித்திருக்கிறது. பயனர் பத்து முறை திறந்து மூடினால் பத்து திரைகளும் நினைவகத்தில் நிற்கும்.

ஹீப் டம்ப் (ஹீப்பில் உள்ள ஆப்ஜெக்ட்களின் பதிவு) எடுத்து, எதிர்பாராத அளவில் பெருகிய கிளாஸைக் கண்டுபிடித்து, அதை யார் பிடித்திருக்கிறார் என்று வேர்வரை தொடர்ந்து போங்கள். 'இதன் உடைமையாளர் யார், அவர் எப்போது விடுவார்' என்ற கேள்விக்கு எங்கே விடை இல்லையோ அங்கேதான் கசிவு.

13. இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால்?

ஜாவாவில் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து எட்ட முடியாவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். ரெஃபரன்ஸ்களை எண்ணும் முறையில் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றிலேயே நின்றுவிடும், பூஜ்யத்தைத் தொடாது. இதற்காகவே சிபைத்தானில் சுழற்சிகளைத் தேடும் கலெக்டர் ஒன்று தனியாக இருக்கிறது. ரெஃபரன்ஸ்களை எண்ணும் சி++ இன் 'ஷேர்டு பாயின்டர்', ஸ்விஃப்ட் மொழி ஆகியவற்றில் அப்படி எதுவும் இல்லை. அங்கே ஒரு திசையை, எண்ணிக்கையில் சேராத 'வீக்' ரெஃபரன்ஸாக மாற்றியாக வேண்டும். எதை மாற்றுவது என்ற குழப்பத்துக்கு விடை உடைமையில் இருக்கிறது. மரத்தின் கிளை தன் இலைகளுக்கு உடைமையாளர் என்றால் கீழ்நோக்கிய பிடி வலுவானது, மேல்நோக்கியது வீக்.

14. கன்ஸ்ட்ரக்டர் பாதியில் எக்ஸெப்ஷன் வந்தால் டிஸ்ட்ரக்டர் ஓடுமா?

சி++ இல் ஓடாது. முழுமையாகப் பிறக்காத ஆப்ஜெக்டுக்கு அழிவுச் சடங்கு இல்லை. ஆனால் அதற்குள் முழுமையாகப் பிறந்துவிட்ட பெற்றோர் பகுதியும் புலங்களும் தலைகீழ் வரிசையில் அழிக்கப்படும், நியூ ஒதுக்கிய நினைவகமும் திரும்பும். கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரியில் நியூ போட்டு ஒரு சாதாரண பாயின்டரில் வைத்து, இரண்டாவது வரியில் எக்ஸெப்ஷன் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாயின்டர் புலம் போய்விடும், அது சுட்டிய ஆப்ஜெக்ட் அனாதையாகக் கிடக்கும். அதே இடத்தில் 'யூனிக் பாயின்டர்' (தான் சுட்டும் ஆப்ஜெக்டுக்கு ஒரே உடைமையாளராக இருந்து, தான் அழியும்போது அதையும் அழிப்பது) இருந்தால், அது முழுமையாகப் பிறந்த ஒரு புலம் என்பதால் தன் சுமையைத் தானே இறக்கிவிடும்.

பைத்தானில் விடை வேறு. இனிட் தோற்றாலும் ஆப்ஜெக்ட் அதற்கு முன்பே உண்டாகிவிட்டது (2ஆம் விடை). ஆகவே ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் இரட்டை அடிக்கோடிட்ட 'டெல்' மெத்தட் (11ஆம் விடையின் டெல் கட்டளை வேறு) எழுதப்பட்டிருந்தால் அது ஓடும், இன்னும் நிரப்பப்படாத புலத்தைத் தேடித் தடுமாறும்.

15. டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் எறியலாமா?

கூடாது. 2011ஆம் ஆண்டின் சி++ தரத்திலிருந்து டிஸ்ட்ரக்டர்கள் எக்ஸெப்ஷன் எறியாதவை என்றே இயல்பாகக் கருதப்படுகின்றன. மீறி வெளியே வந்தால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். மூடும்போது பிழை வரலாம், அதை அழைத்தவருக்குச் சொல்லியாக வேண்டும் என்றால், 'மூடு' என்று தனி மெத்தட் வையுங்கள். அவர் அதை அழைத்துப் பிழையைக் கவனிக்கட்டும். அழைக்க மறந்தால் டிஸ்ட்ரக்டர் அமைதியாக மூடட்டும்.

16. பெற்றோர் பாயின்டர் வழியாக டிலீட் செய்தேன். பிள்ளையின் டிஸ்ட்ரக்டர் ஓடவில்லையே?

பெற்றோரின் டிஸ்ட்ரக்டரை நீங்கள் 'விர்ச்சுவல்' (ஆப்ஜெக்டின் உண்மையான வகையைப் பார்த்து ஓடுவது) என்று அறிவிக்கவில்லை. அப்படி டிலீட் செய்தால் என்ன நடக்கும் என்று சி++ தரம் எந்த உறுதியும் தருவதில்லை. பிள்ளையின் பகுதி மூடப்படாமல் போவது அதில் பெரும்பாலும் காணப்படும் விளைவு. ஷேர்டு பாயின்டருக்குள் பிள்ளை வகையாகவே நியூ போட்டுக் கொடுத்திருந்தால், எந்த வகையை அழிக்க வேண்டும் என்று அது நினைவில் வைத்திருக்கும், சரியாக அழிக்கும். யூனிக் பாயின்டர் அப்படி நினைவில் வைப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய பின் திடீரென்று கசிவு தெரிந்தால் இதைச் சரிபாருங்கள்.

17. ஓர் ஆப்ஜெக்டை நகலெடுத்தேன். ஃபங்ஷன் முடியும்போது நிரல் விழுகிறது. நான் டிலீட்டே எழுதவில்லையே!

அந்த ஃபங்ஷனில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கிளாஸின் டிஸ்ட்ரக்டருக்குள் டிலீட் இருக்கிறது, அதுவும் இரண்டு முறை ஓடியிருக்கிறது. கம்பைலர் தரும் நகல், புலங்களை அப்படியே பெயர்த்து எழுதும். பாயின்டர் புலம் என்றால் முகவரி மட்டும் நகலாகும், இரண்டு ஆப்ஜெக்ட்களும் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடும். முதலாவது அழியும்போது அந்த இடத்தை விடுவிக்கும். இரண்டாவது அதையே மீண்டும் விடுவிக்கப் போகும்.

டிஸ்ட்ரக்டர், நகல் கன்ஸ்ட்ரக்டர், நகல் ஒதுக்கீடு ஆகிய மூன்றில் ஒன்றை எழுத நேர்ந்தால் மற்ற இரண்டையும் எழுத வேண்டியிருக்கும் என்ற விதி இதனால் வந்தது. இன்றைக்கு என் அறிவுரை, மூன்றையும் எழுதாமல் இருக்க முயலுங்கள். வெக்டர், ஸ்ட்ரிங், யூனிக் பாயின்டர் ஆகியவற்றைப் புலங்களாக வைத்தால் முதல் இரண்டும் சரியாக நகலாகும். யூனிக் பாயின்டர் நகலெடுக்கவே விடாமல் கம்பைல் நேரத்திலேயே தடுக்கும்.

18. நிரல் முடிந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?

நினைவகத்தை எடுத்துக்கொள்ளும், திறந்த கோப்புகளையும் மூடும். ஆனால் உங்கள் ஆப்ஜெக்டுக்குள் மட்டும் இருக்கும் செய்தி அதற்குத் தெரியாது. ஜாவாவில் பஃபர்டு ரைட்டர் வழியாகச் சில வரிகள் எழுதிவிட்டு மூடாமல் நிரலை முடித்துப் பாருங்கள். வரிகள் நினைவகத்திலுள்ள பஃபரில்தான் இருந்தன, வட்டுக்குப் போகவே இல்லை. கோப்பு காலியாக இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

சி++ இல் 'எக்ஸிட்' ஃபங்ஷனை அழைத்தால் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்களின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடும், ஸ்டாக்கில் இருப்பவற்றுக்கு ஓடாது. 'அபார்ட்' என்றால் எதுவுமே ஓடாது. மின்சாரம் போனாலும் அதே கதி. ஆகவே கட்டாயம் நிலைத்திருக்க வேண்டிய தரவை டிஸ்ட்ரக்டர் எழுதிக்கொள்ளும் என்று விட்டுவைக்காதீர்கள். அது உருவான இடத்திலேயே வட்டுக்கு அனுப்பி, எழுதப்பட்டதா என்பதைச் சரிபார்த்துவிடுங்கள்.